மாண்டோவி ஆற்றில் ஒரு பந்தி

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணி முகூர்த்தம் வரைக்கும் கோபியில் சமையல் கான்ட்ராக்ட்காரனுக்கு இரண்டே வேலை. பாத்திரங்களுக்கு ஈயம் பூசக் கொடுப்பது, போன சீசன் பாக்கியை வசூலிப்பது. இரண்டாவது நடப்பதில்லை. மத்தியானம் அக்கா மகன் வந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கையில் போன், போனில் கோவா.

"மாமா, மழைக்காலத்துல ரூமெல்லாம் பாதி வாடகைங்க. கப்பல் காசினோவுக்குள்ள போறதுக்குக் கட்டற காசுலயே சாப்பாடு, குடி, ஆடறதுக்குச் சிப்பு எல்லாம் அடக்கம். எவ்ளோ வேணாலும் சாப்புடலாமுங்."

எவ்வளவு வேண்டுமானாலும் என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கும். அப்படிச் சொல்கிறவன் முந்தின நாளே எவ்வளவு என்று கணக்குப் போட்டு வைத்திருப்பான். கல்யாணத்தில் நூறு இலைக்குப் பத்து, பன்னிரண்டு கிலோ அரிசி போடுகிறோம். கேட்டுக் கேட்டுத்தான் பரிமாறுகிறோம், யாரையும் தடுப்பதில்லை. அப்படியும் அந்தப் பன்னிரண்டைத் தாண்டாது. ஒருத்தர் மூன்று பேர் சோற்றைத் தின்றால், பக்கத்து இலைப் பாட்டி ஒரு கரண்டியோடு மோருக்குப் போய்விடுவார். இலைக் கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே விலை. அந்தப் பாட்டியை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

காசினோக் கப்பலில் அந்தப் பாட்டி யார் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம் டிக்கெட். வார நாளில் போனால் அந்த விலை. சனி ஞாயிறு என்றால் கூட. "செவ்வாய்க்கிழமை போடு" என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

வெளியூர் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் நம் பக்கத்து அளவை ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம் என்று பெருந்துறைப் பக்கம் சீனாபுரம் போனோம். யுபிஎம் நம்ம வீட்டு சாப்பாடு. முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரே விலை. இலை நிறைய ஆட்டுக்கறி, கோழி, குடல், ரத்தப் பொரியல், மீன். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வற்புறுத்துகிற மாதிரியே பரிமாறுகிறார்கள்.

தொழில்காரன் கண்ணுக்கு அங்கே ஒன்று உறைத்தது. பாட்டிகள் இல்லை. அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு, முன்பதிவு செய்து, கறிச் சோற்றுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கறி தின்னவே வருகிறார்கள். கல்யாணப் பந்தியைப் போல அரைவயிற்றுக்காரர்கள் கலந்து வருவதில்லை. அதனால் அந்த விலை கறியின் விலையாகத்தான் இருந்தாக வேண்டும். உள்ளூர் மெஸ்ஸில் கொடுக்கும் அளவுச் சாப்பாட்டைவிடப் பல மடங்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அங்கே உங்கள் கறிக்கு நீங்களேதான் கட்டுகிறீர்கள்.

பார்பிக்யூ நேஷன் மாதிரிக் கடைகளின் வழி வேறு. கோயம்புத்தூரில் பிள்ளைகளோடு போயிருக்கிறேன். மேசையிலேயே கரி அடுப்பு, அதில் கம்பி கம்பியாக வந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு சின்னக் கொடி. அதைச் சாய்த்தால்தான் பரிமாறுவதை நிறுத்துவார்கள். கொடியைச் சாய்ப்பதைத் தோற்றதாக நினைத்துக்கொண்டு பையன்கள் உருளைக்கிழங்கையும் அன்னாசியையும் தின்று தீர்ப்பார்கள். மெயின் கோர்ஸ் பக்கம் போகும்போது வயிற்றில் இடம் இருக்காது. கெட்டிக்கார ஏற்பாடு. நாங்கள் ஒப்புட்டை முதலில் வைப்பதும் அதற்குத்தான், மங்கலத்துக்காக என்று சொல்லிக்கொள்வோம்.

ஜூலை 22, திங்கள்

பண்ணாரிச் சோதனைச்சாவடி காலை ஆறு மணிக்குத் திறந்ததும் ஏறினோம். புலிகள் காப்பகம், 2022 முதல் இரவில் வண்டி விடுவதில்லை. திம்பம் 27 கொண்டை ஊசி வளைவுகள். எங்களோடு வந்த மச்சான் பின்சீட்டில் வாந்தி. சாம்ராஜ்நகர், மைசூர், ராத்திரி ஹூப்ளி.

ஹூப்ளியில் ஒரு கானாவளியில் சாப்பிட்டோம். சோள ரொட்டி சுடச்சுட வந்துகொண்டே இருக்கிறது, கத்திரிக்காய் எண்ணெய்கறி, முளைகட்டிய பயறு, வேர்க்கடலைப் பொடி, தயிர். ரொட்டி தட்டும் அம்மாவின் கைவேகம்தான் அங்கே அளவு. அவர் ஒன்று தட்டி முடிப்பதற்குள் நாம் ஒன்றைத் தின்ன முடியாது. இந்தப் பயணத்தில் காசுக்குத் தகுந்த சாப்பாடு எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். காசினோவைப் பார்ப்பதற்கு முன்பே இதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

பணஜி. மாண்டோவி ஆறு மழையில் செம்மண் நிறம். கரையோரம் கட்டிடம் கட்டிடமாக விளக்கு எரிகிறது என்று பார்த்தால் எல்லாம் கப்பல். கோவாவில் சூதாட்டத் தடைச் சட்டம் 1976இல் வந்தது. பிறகு 1992 திருத்தத்தில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களுக்கு இயந்திர ஆட்டமும், 1996 திருத்தத்தில் கப்பல்களுக்கு மேசை ஆட்டமும் அனுமதித்தார்கள். கடலுக்குள் போக வேண்டிய கப்பல்கள் ஆற்றிலேயே நங்கூரம் போட்டு நிற்கின்றன. 21 வயது ஆகாதவர்களுக்கு அனுமதியில்லை. 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்களும் ஆட முடியாது. உள்ளூர்க்காரன் குடும்பம் கெடக்கூடாது, கோபிக்காரன் கெட்டால் பரவாயில்லை!

படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டார்கள். டிக்கெட்டோடு ஆயிரம் ரூபாய்க்குச் சிப். ஆனால் அதைக் காசாக மாற்ற முடியாது. ஒரே ஒருமுறை பந்தயம் வைக்கலாம். தோற்றாலும் ஜெயித்தாலும் சிப் போய்விடும். ஜெயித்தால் வருகிற தொகை மட்டும் நம்முடையது. அக்கா மகன் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தான். ரூலட் சக்கரத்தில் 37 கட்டம். சிவப்பு, கருப்பு என்று வைத்தால் 37இல் 18 வாய்ப்பு, கைக்குக் கை. அப்படியென்றால் ஆயிரம் ரூபாய்ச் சிப்பின் சராசரி மதிப்பு 486 ரூபாய்தான். தனி எண்ணில் வைத்தால் 37இல் ஒரு வாய்ப்பு, ஆனால் 35 மடங்கு வரும். அப்போது மதிப்பு 946.

"சும்மா கிடைச்ச சிப்பை எண்ணுலதான் மாமா வைக்கோணும்."

நான் 18இல் வைத்தேன், ஆடிப் பெருக்குக்காக. போனது. அவன் 7இல் வைத்தான். அதுவும் போனது. கணக்கு என்னவோ சரிதான்.

சாப்பாடு மேல்தளத்தில். ஆட்ட மேசைகளுக்கு நடுவில் புகுந்துதான் படிக்கட்டுக்குப் போக வேண்டும், திரும்பும்போதும் அதே வழி. நட்சத்திர ஹோட்டல் பஃபே எப்படி அடுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும், நானே அப்படி அடுக்குகிறவன். முதலில் சாலட், சூப், ரொட்டி வகை, பிறகு சோறு, காய்கறி. தட்டு நிறைந்த பிறகு கடைசியில் கறி, அதற்கும் கடைசியில் இறால். தட்டும் சின்னது. இங்கே தட்டு பெரியது. இறால் வறுவல் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மீன் குழம்பில் மீன் இருக்கிறது. மட்டன் பாத்திரத்தில் எலும்பைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டியதில்லை. தீர்ந்தால் உடனே நிரப்புகிறார்கள். யாரும் யார் தட்டையும் பார்ப்பதில்லை.

தயக்கமாகத்தான் இருந்தது. தின்பவனைக் கட்டுப்படுத்தாத சமையல்காரனை நான் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் கறி வாளியைத் தூக்குபவனுக்குத் தனிப் பயிற்சி உண்டு. கரண்டியை எந்தக் கோணத்தில் சாய்த்தால் குழம்பு நிறையவும் துண்டு இரண்டு மட்டும் விழும் என்று.

மச்சான் செவ்வாய் விரதம். பச்சைமலை முருகனுக்கு. கறியும் கிடையாது, குடியும் கிடையாது, சூதும் கிடையாது. முழு டிக்கெட் எடுத்துவிட்டுப் பனீரும் சோறும் ரெண்டு குலாப் ஜாமூனும் சாப்பிட்டான். இவன்தான் பாட்டி என்று நினைத்தேன். ஆனால் அப்படிப்பட்டவர்கள் அங்கே எத்தனை பேர் இருந்துவிட முடியும்? அவர்களை நம்பி இறால் போட முடியாது.

கீழே இறங்கி வந்து ஒரு ரூலட் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், சுழற்றுக்கு ஐநூறு வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேசைக்கே கபாப் வந்தது. எழுந்து போகத் தேவையில்லை. தட்டு வந்து ஆறிக் கிடந்தது. ஒரு துண்டைக்கூட எடுக்கவில்லை. பிறகு அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றை வைத்தார்கள். மணிக்கு நாற்பது சுழற்று என்று வைத்தால் இருபதாயிரம் பந்தயம். 37 கட்டத்தில் கடைக்குப் போவது 2.7 சதவீதம். மணிக்கு 540 ரூபாய். நாலு மணி நேரத்துக்கு 2,160. இது நிதானமாக ஆடுகிறவனுக்கு. சிப் வாங்கும்போதே முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி இருக்கிறது, 2023 அக்டோபரில் 28 சதவீதம் என்று தொடங்கியது. சக்கரம் சுழல்வதற்கு முன்பே தோற்றவன் கணக்கு அது. என் இறாலுக்கு அந்த மனிதர்தான் பணம் கட்டினார். அவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

அந்தர் பாகர் மேசையில்தான் கூட்டம். நம் ஊர் மங்காத்தாவேதான். சாவடித் திண்ணையில் துண்டு விரித்து ஆடினால் போலீஸ் வரும்.

ஜூலை 24, புதன்

மழை. லாட்ஜிலேயே கிடந்தோம். அண்ணன் மகன் கலிபோர்னியாவிலிருந்து கூப்பிட்டான். லாஸ் வேகாஸுக்கு ஆபீஸ் வேலையாகப் போய்வருகிறவன். நான் கேட்டது பஃபே பற்றி.

இந்த ஏற்பாடு முதலில் அங்கிருந்துதான் புறப்பட்டது. 1941இல் திறந்த எல் ராஞ்சோ வேகாஸ் ஹோட்டலில், நள்ளிரவிலும் ஆடுகிறவர்கள் பசிக்காக வெளியே போய்விடக்கூடாது என்று ஒரு டாலருக்கு அளவில்லாச் சாப்பாடு வைத்தார்கள். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சோற்றில் நஷ்டம், மேசையில் லாபம். ஆனால் 1990களுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெரிய ஹோட்டல்களுக்கு அறை வாடகை, சாப்பாடு, கச்சேரி இவற்றின் வருமானம் சூதாட்ட வருமானத்தைத் தாண்டிவிட்டது. சாப்பாட்டையும் தனியாக லாபத்தில் நடத்தினால் என்ன என்று யோசித்திருப்பார்கள். 2012இல் சீசர்ஸ் பேலஸில் திறந்த பக்கனல் பஃபேயில் ராத்திரிச் சாப்பாடு எண்பது டாலரைத் தாண்டிவிட்டதாம். 2020 ஊரடங்கில் மூடிய பஃபேக்களில் பல திரும்பத் திறக்கவே இல்லை. "அங்க மலிவா திங்கோணும்னா மெயின் ரோட்டை விட்டு உள்ளூர்க்காரங்க போற காசினோவுக்குப் போகோணும் சித்தப்பா" என்றான்.

அதுவும் சரியாகத்தான் படுகிறது. உள்ளூர்க்காரன் வாரா வாரம் வருவான், அவனைச் சோற்றால்தான் இழுக்க முடியும். ஒரே ஒரு தடவை வருகிறவனுக்கு எதற்குச் சலுகை? சிங்கப்பூரில் இன்னும் தலைகீழ். அங்கே உள்ளூர்க்காரர் காசினோவுக்குள் நுழையவே நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும், 2019க்கு முன் 100. வெளிநாட்டவருக்கு இலவசம். நுழைவுக் கட்டணமாக அவ்வளவு அழுதுவிட்டு எவன் சோற்றைப் பற்றி யோசிப்பான்.

கோவாவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: செவ்வாய், புதனில் போங்கள். சாயங்காலமே போய்விடுங்கள். சும்மா கிடைத்த சிப்பை ஒரே வைப்பில் முடித்துவிட்டு மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள். சட்டைப்பையில் காசும் கார்டும் வேண்டாம், மச்சானிடம் கொடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு அந்த இறால் மோசமில்லை. ஆனால் அப்படிச் செய்கிறவர்கள் பெருகினால் கப்பல்காரன் தட்டைச் சின்னதாக்கிவிடுவான்.

ஜூலை 29, திங்கள்

ஊர் திரும்பியாயிற்று. பாத்திர விஷயமாகக் கோயம்புத்தூர் போனவன் சிங்காநல்லூர் சாந்தி சோஷியல் சர்வீஸில் சாப்பிட்டேன். சாந்தி கியர்ஸ் சுப்பிரமணியம் ஆரம்பித்தது. கம்பெனியை 2012இல் விற்றுவிட்டு அறக்கட்டளையே வேலை என்று இருந்தவர். 2020 டிசம்பரில் போய்விட்டார். விலைப்பலகையைப் பார்த்தாலே எங்கள் தொழில்காரர்களுக்கு வயிறு கலங்கும், அவ்வளவு மலிவு. வரிசை வெயிலில் வெளிவரைக்கும் நின்றது. இங்கேயும் யாரோ ஒருவர் நமக்காக முன்னாலேயே கட்டிவிட்டார், தெரிந்தே கட்டினார். சாம்பாரில் காய் நிறைய இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்குக் கவுந்தப்பாடியிலிருந்து ஒருவர் வந்தார். ரிசப்ஷனுக்கு அசைவம், அதுவும் பஃபே வேண்டுமாம்.

"பஃபேன்னா சல்லிசா முடியுமுங்ளா?"

"இல்லீங்கண்ணா, கூடத்தான் ஆகும். பந்தின்னா பரிமாறறவன் என்ற ஆளு. பஃபேன்னா கரண்டி வர்றவிய கைல இருக்கும். தட்டுல பாதி குப்பைக்குப் போகும்."

"மாப்ள வீட்டுக்காரங்க தாராபுரம் பக்கமுங்க. ஆட்டுக்கறின்னா எண்ண மாட்டாங்க."

"பொம்பளைங்க, குழந்தைங்க எத்தனை பேருங்க?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. போன் போட்டு வீட்டில் கேட்டார். பாதிக்குப் பாதி இருக்கும் என்று பதில் வந்தது. உடனே தலைக்கு நாற்பது ரூபாய் குறைத்துக்கொண்டேன். மட்டன் இருக்கும் மேசையில் மட்டும் என் ஆட்கள் இருவர் நின்று போடுவார்கள், மற்றதெல்லாம் அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசி முடித்தோம். தட்டு பெரியதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார், ஒத்துக்கொண்டேன். ஐஸ்கிரீமில்தான் பேச்சு நிற்கிறது. அவர் மூன்று வகை கேட்கிறார், நான் ஒன்று என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸோடு சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.