மீடியா ஆஃப்லைன்

எல்.கே.ஜி.யில இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். கடைசியா தமிழ்ல ஒரு பக்கம் முழுசா எழுதினது பன்னிரண்டாம் வகுப்பு பரீட்சையில. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டோரியல் டீம் பார்த்துக்கும்னு நம்பி ஆரம்பிக்கிறேன்.

காலேஜ்ல "இவனுக்கு எடிட்டிங் தெரியும்"னு ஒரு தடவை பேர் வந்துட்டா அவ்வளவுதான். சிம்போசியம் புரோமோ, கல்ச்சுரல்ஸ் ஆஃப்டர்மூவி, ஃபேர்வெல் வீடியோ, எல்லாம் உங்க தலையில விழும். சம்பளம் ஒரு டீ, ஒரு சமோசா. நாலு வருஷமா நான் இந்த வேலையில இருக்கேன். அதனால ஒரு சிவப்பு ஸ்க்ரீன் எனக்கு ரொம்பப் பழக்கம். பிரீமியர் புரோவுல பழைய புராஜெக்ட் ஒண்ணைத் திறப்பீங்க. டைம்லைன்ல எல்லாம் வச்சது வச்ச இடத்துல இருக்கும். ஆனா பிளே பண்ணினா படம் வராது. சிவப்பா ஒரு பலகை, அதுல பல மொழியில "மீடியா ஆஃப்லைன்"னு எழுதியிருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இதே பிரச்சனை வந்தா கலர் கலரா பட்டை வரும்.

இது ஏன் வருதுன்னு நிறைய பேருக்குத் தெரியல. எனக்கும் செகண்ட் இயர் வரைக்கும் தெரியாது. நாம சேவ் பண்ற புராஜெக்ட் ஃபைலுக்குள்ள வீடியோவே கிடையாது. ஃபைல் சைஸைப் பாருங்க. 40 ஜிபி ஃபுட்டேஜ் வச்சு எடிட் பண்ணியிருப்பீங்க, புராஜெக்ட் ஃபைல் சில எம்பிதான் இருக்கும். அதுல இருக்கிறது வெறும் விலாசம். "இந்த டிரைவ்ல, இந்த ஃபோல்டர்ல, இந்தப் பேர்ல ஒரு கிளிப் இருக்கு. அதுல 12வது செகண்ட்ல இருந்து 18வது செகண்ட் வரைக்கும் காட்டு" என்கிற மாதிரி ஒரு குறிப்பு. கல்யாணப் பத்திரிகையில மண்டபத்தோட அட்ரஸ் இருக்கும், மண்டபம் இருக்காது இல்லையா, அது மாதிரி. மண்டபத்தை இடிச்சிட்டா பத்திரிகையை எவ்வளவு பத்திரமா வச்சிருந்து என்ன பிரயோஜனம்?

நம்ம பாஷையில சொன்னா இது பாயிண்டர். ஃபர்ஸ்ட் இயர்ல சி புரோகிராமிங்ல படிச்சோமே, மெமரியை ஃப்ரீ பண்ணிட்டு பாயிண்டரை மட்டும் கையில வச்சிருந்தா அது டேங்க்லிங் பாயிண்டர்னு. ரெண்டு மார்க் கேள்வி. அதுக்கு எனக்கு ரெண்டு மார்க்கும் கிடைச்சது. ஆனா புரிஞ்சது ரொம்ப நாள் கழிச்சுதான்.

எப்படிப் புரிஞ்சதுன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் ரூம்மேட்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன்.

செகண்ட் இயர் கடைசியில டிபார்ட்மெண்ட் ஃபங்ஷனுக்கு ஒரு வீடியோ பண்ணினோம். எங்க வகுப்புப் பசங்களோட அப்பா அம்மா எல்லாரும் வீட்ல இருந்தே ஒரு வாழ்த்து பேசி அனுப்பணும். மொத்தம் 31 கிளிப், எல்லாம் வாட்ஸ்அப்ல வந்தது. ரூம்மேட்டோட அப்பா ஊர்ல மாவு மிஷின் வச்சிருந்தார். மிஷின் முன்னாடியே நின்னு பேசியிருந்தார். சட்டையெல்லாம் மாவு. அந்தக் கிளிப் 48 செகண்ட். நான் எடுத்துக்கிட்டது 6 செகண்ட். "எல்லாப் பிள்ளைங்களும் நல்லா வரணும், வாழ்த்துக்கள்." அவ்வளவுதான் வேணும். முன்னாடியும் பின்னாடியும் இருந்ததை டிரிம் பண்ணிட்டேன். எடிட்டர்னா அதானே வேலை.

தேர்ட் இயர் நவம்பர்ல அந்த அப்பா இறந்துட்டார். நாங்க நாலு பேர் பஸ் ஏறிப் போனோம். மிஷின் ரூம் பூட்டியிருந்தது.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி ரூம்மேட் கேட்டான். "மச்சி, அப்பா பேசின வீடியோ உன்கிட்ட இருக்குல்ல? முழுசு." அவன் போனை நடுவுல மாத்தியிருந்தான், பேக்கப் எடுக்கல. எங்க வாட்ஸ்அப் சாட்டுல அந்த வீடியோவைத் தொட்டா, அனுப்பினவரையே திரும்ப அனுப்பச் சொல்லுங்கன்னு வருது. நான் யோசிக்கவே இல்லை. "இருக்கும்டா. புராஜெக்ட் அப்படியே வச்சிருக்கேன்"னு சொல்லிட்டேன்.

புராஜெக்ட் அப்படியேதான் இருந்தது. திறந்தேன். சிவப்பு.

வாட்ஸ்அப்ல வந்த கிளிப் எல்லாத்தையும் நான் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருந்து நேரா டைம்லைன்ல இழுத்துப் போட்டிருந்தேன். தேர்ட் இயர்ல ஒரு பெரிய சாஃப்ட்வேர் போட சி டிரைவ்ல இடமில்லைன்னு டவுன்லோட்ஸை மொத்தமா செலக்ட் பண்ணி ஷிஃப்ட் டிலீட் அடிச்சிருந்தேன். ரெக்கவரி சாஃப்ட்வேர் ரெண்டு போட்டுப் பார்த்தேன். என் லேப்டாப்ல இருக்கிறது எஸ்எஸ்டி. டிலீட் பண்ணின இடம் எதுன்னு விண்டோஸ் அதுக்குச் சொல்லிடும், அதுவும் ஓய்வா இருக்கிறப்ப அதை உண்மையாவே துடைச்சு வச்சிடும். ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற அளவு வாய்ப்பு இதுல கிடையாது.

கொடுமை என்னன்னா, புராஜெக்ட் ஃபைலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கிளிப்போட பேர், நீளம் 48 செகண்ட், நான் எங்க வெட்டினேன், எல்லாம். அவரைத் தவிர எல்லாம் இருந்தது. ஃபங்ஷன்ல ஓடின எக்ஸ்போர்ட் வீடியோ டிரைவ்ல இருந்தது. அதுல அந்த 6 செகண்ட் கிடைச்சது. அவன் கேட்டது மிச்ச 42 செகண்ட்.

ஒரு வாரம் அவன் முகத்தைப் பார்க்காம சுத்தினேன். அப்புறம் ஒரு விஷயம் தோணிச்சு. வீடியோவை இம்போர்ட் பண்ணும்போது கீழே "கன்ஃபார்மிங்"னு ஒண்ணு ஓடும், கவனிச்சிருக்கீங்களா? கம்ப்ரெஸ் ஆன ஆடியோவை பிரீமியர் விரிச்சு, தனக்குன்னு ஒரு காப்பி எழுதி வச்சுக்கும். சிஎஃப்ஏன்னு முடியுற ஃபைல். அது டவுன்லோட்ஸ்ல இருக்காது. ஆப்டேட்டாவுக்குள்ள, அடோபி ஃபோல்டருக்குள்ள, மீடியா கேஷ் ஃபைல்ஸ்னு ஒரு மூலையில கிடக்கும். நான் சோம்பேறி, கேஷை கிளீன் பண்ணினதே இல்லை. போய்ப் பார்த்தேன். அந்த வாட்ஸ்அப் பேரோட ஒரு ஃபைல் இருந்தது. சைஸ் 9 எம்பிக்குக் கொஞ்சம் மேல.

ஆடாசிட்டியில ரா டேட்டாவா, 32 பிட் ஃப்ளோட்னு சொல்லித் திறந்தேன். முதல்ல ஸ்டீரியோன்னு கொடுத்துட்டேன், கீச்சுக்கீச்சுன்னு டபுள் ஸ்பீடுல ஓடிச்சு. அப்பதான் கணக்குப் போட்டேன். செகண்டுக்கு 48,000 சாம்பிள், ஒண்ணு 4 பைட், அதை 48 செகண்டால பெருக்கினா 92 லட்சம் பைட் சொச்சம். அப்ப ஒரே சேனல்தான். மோனோன்னு மாத்தி மறுபடி பிளே பண்ணினேன்.

முதல்ல மிஷின் சத்தம். அது மெதுவா அடங்குது. "இப்பப் பேசலாமா?"ன்னு கேக்கிறார். அப்புறம் நான் வெட்டி எடுத்த அந்த வாழ்த்து. அதுக்கப்புறம், போன் பிடிச்சிருந்த பொண்ணுகிட்ட, "இது போதுமா பாப்பா? அவன்கிட்ட சொல்லு, பரீட்சை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வரச் சொல்லு. முறுக்குக்கு மாவு அரைச்சு வச்சிருக்கேன்னு சொல்லு." தங்கச்சி சிரிக்கிறா. "அய்யோ அப்பா, இன்னும் ரெக்கார்ட் ஆகுது." முடிஞ்சுது.

வேஸ்ட்னு நான் வெட்டிப் போட்டது இதைத்தான்.

முகம் கிடைக்கல. குரல் முழுசா கிடைச்சது. ரூம்மேட்டுக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு நான் வெளியே வராண்டாவுக்குப் போயிட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு வந்தான். ஒண்ணும் பேசல. பென் டிரைவை நீட்டி, "இதுல ஒண்ணு போடு, மெயில்ல ஒண்ணு அனுப்பு, அம்மா போனுக்கு ஒண்ணு"ன்னான்.

இது எனக்கு அதிர்ஷ்டம். கேஷை நம்பி யாரும் இருக்காதீங்க. நான் இப்ப கடைப்பிடிக்கிறதைச் சொல்றேன், ஜூனியர்ஸ் குறிச்சுக்கோங்க.

1. எடிட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தாய் ஃபோல்டர் போடுங்க. அதுக்குள்ள ஃபுட்டேஜ், ஆடியோ, கிராஃபிக்ஸ், புராஜெக்ட், எக்ஸ்போர்ட்னு அஞ்சு ஃபோல்டர். வாட்ஸ்அப்ல வந்தது, கேமராவுல எடுத்தது, எல்லாத்தையும் முதல்ல அங்க காப்பி பண்ணுங்க. அப்புறம்தான் இம்போர்ட். டவுன்லோட்ஸ்ல இருந்தோ பென் டிரைவ்ல இருந்தோ நேரா இழுக்காதீங்க. பென் டிரைவ் இன்னைக்கு ஈ, நாளைக்கு எஃப்.

2. பேர் மாத்தணும்னா இம்போர்ட்டுக்கு முன்னாடியே மாத்துங்க. கேமரா கார்டை ஃபார்மேட் பண்ணினதும் நம்பர் மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கலாம். ரெண்டு ஷூட்டுக்கு ஒரே பேர்ல கிளிப் வந்துடும். ஒரு தடவை ஹெச்ஓடி சார் பேச்சு வரவேண்டிய இடத்துல ஃப்ரெஷர்ஸ் டே டான்ஸ் வந்தது. ரீலிங்க் பண்ணும்போது பேர் ஒண்ணா இருந்ததால சாஃப்ட்வேர் அதை எடுத்துக்கிச்சு. நல்லவேளை, ஓட்டுறதுக்கு முன்னாடி பார்த்துட்டோம்.

3. சிவப்பு வந்தா பதறாதீங்க. பெரும்பாலும் ஃபைல் தொலைஞ்சிருக்காது, இடம் மாறியிருக்கும். பிரீமியர்ல லிங்க் மீடியா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ரிப்ளேஸ் ஃபுட்டேஜ். ஃபோல்டர் அமைப்பைக் கலைக்காம இருந்தா ஒரு ஃபைலைக் காட்டினதும் மத்தது தானா வந்து ஒட்டிக்கும். முதல் ரூல் எதுக்குன்னு இப்பப் புரியுதா?

4. இன்னொருத்தர்கிட்ட கொடுக்கும்போது புராஜெக்ட் ஃபைலை மட்டும் கொடுக்காதீங்க. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ஃபைல் மெனுவுல டிபெண்டென்சீஸ், அதுல கலெக்ட் ஃபைல்ஸ். பிரீமியர்ல புராஜெக்ட் மேனேஜர். டாவின்சி ரிசால்வ்ல புராஜெக்ட் ஆர்க்கைவ். ஃபுட்டேஜையும் சேர்த்து ஒரே இடத்துல காப்பி பண்ணிக் கொடுத்துடும். ஃபாண்ட், பிளகின் கூடவே வரும்னு நம்பாதீங்க, தனியா பாருங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி சைஸைப் பாருங்க. மொத்தமே 4 எம்பின்னா நீங்க கொடுத்தது பத்திரிகை, மண்டபம் இல்லை.

5. மூணு காப்பி, ரெண்டு வகை ஸ்டோரேஜ், அதுல ஒண்ணு வேற ஊர்லயோ கிளவுட்லயோ. 3-2-1ன்னு சொல்வாங்க. எல்லாத்துக்கும் செய்ய முடியாது. மனுஷங்க பேசுற கிளிப்புக்காவது செய்யுங்க.

இந்த செமஸ்டர் எங்க பேட்ச்சோட ஃபேர்வெல் வீடியோவும் என் தலையிலதான். ஜூனியர்கிட்ட ஒப்படைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் ரெடி பண்ணியாச்சு. அதுல எடிட்ல சேராத கிளிப்புக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர் இருக்கு. "இது வேஸ்ட்தானே அண்ணா, டிலீட் பண்ணிடவா?"ன்னு கேட்டான். வேண்டாம்பா, அது அப்படியே இருக்கட்டும்னேன்.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி உங்க டவுன்லோட்ஸைத் திறந்து பாருங்க. கிளீன் பண்ண இல்லை. யாரெல்லாம் அங்க இருக்காங்கன்னு பார்த்து, ஒரு நல்ல இடத்துக்கு மாத்தி வைக்க.