காற்றுக்குப் பயந்த நிக்கல்

கருக்களாச்சேரி கடற்கரையில் இரும்பு போல்ட்டு ரொம்ப நாள் தாங்காது. உப்புக்காற்று தின்றுவிடும். எவர்சில்வர் போல்ட்டு என்றால் கொஞ்சம் தப்பிக்கும். அதில் முதல் காவல்காரன் குரோமியம், துணைக்கு நிற்பது நிக்கல். அதே நிக்கல் வேதியியல் ஆய்வகத்தில் காற்று பட்டாலே செத்துப்போகும் என்றால் நம்ப முடிகிறதா?

இரண்டு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது ஆல்கீன். (ஒலிஃபீன் என்பது அதன் பழைய பெயர்.) டால்டா கதை எல்லோருக்கும் தெரியும். நிக்கல் தூள் உதவியால் எண்ணெயின் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏறுகிறது, எண்ணெய் கெட்டியாகிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் வேறு எதையாவது, வேண்டிய கார்பனில், ஏற்ற முடியுமா? முடியும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த டி.வி. ராஜன்பாபு, அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் இருந்தபோது 1990-களின் தொடக்கத்தில் காசல்னுவோ என்பவருடன் சேர்ந்து செய்தார். சர்க்கரையிலிருந்து தயாரித்த ஈனிகளை நிக்கலில் மாட்டி, ஆல்கீன் மேல் ஹைட்ரஜன் சயனைடை ஏற்றினார்கள். கிடைத்தது நேப்ராக்சன் என்ற வலி மாத்திரைக்கு முந்தைய மூலக்கூறு. அதுவும் இடக்கை, வலக்கை இரண்டும் சரிபாதியாக அல்ல, பெரும்பாலும் ஒரே கை!

இதற்கெல்லாம் ஆக்சிஜனேற்ற எண் பூஜ்யமாக உள்ள நிக்கல் வேண்டும். அதை எளிதாகக் கொடுக்கும் சேர்மத்தை 1960-ல் ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரில் குந்தர் வில்கே செய்தார். ஒரு நிக்கல் அணு, அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு சைக்ளோஆக்டாடையீன் வளையங்கள். பிடித்திருப்பதும் இரட்டைப் பிணைப்புகள்தான். பார்க்க அழகான மஞ்சள் படிகம். வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ளும், சரக்கு வீண். ஆகவே ஃப்ரீசர், குளோவ் பாக்ஸ், ஆர்கான் அல்லது நைட்ரஜன். குளோவ் பாக்ஸ் விலை பல லட்சம். பணமுள்ள ஆய்வகத்துக்குப் பரவாயில்லை. சின்ன ஊர் கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கிறவர் பல்லேடியத்தை வைத்துச் செய்யலாம் என்றால் அதுவும் யானை விலை. நிக்கல் மலிவு, ஆனால் கையில் எடுக்க முடியாது. நல்ல கூத்து!

இந்த நிலை 2020-ல் மாறியது. அதே மியூல்ஹைம் நிறுவனத்தில் ஹோசெப் கோர்னெல்லா குழு மூன்று ஸ்டில்பீன் மூலக்கூறுகளால் நிக்கலைச் சுற்றி வளைத்தது. காற்றில் வைத்தாலும் கெடாத திடப்பொருள். அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் கீரி எங்கிள் குழு வேறு வழியில் போனது. வில்கேயின் வளையங்களில் ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் டியூரோகுவினோனை வைத்தார்கள். டியூரோகுவினோனுக்கு எலெக்ட்ரான் பசி அதிகம். நிக்கலின் எலெக்ட்ரான் அடர்த்தியில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது, அதனால் ஆக்சிஜனுக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை.

இதில் வேடிக்கை, இந்தச் சேர்மம் புதிதே அல்ல. 1960-களின் தொடக்கத்திலேயே ஷ்ராவுட்சர் செய்துவிட்டார். ஏறக்குறைய அறுபது வருடம் பழைய பத்திரிகைகளில் தூங்கியது.

எங்கிள் குழுவுக்கு எலெக்ட்ரான் பசியுள்ள ஒலிஃபீன்கள் ஏற்கெனவே பழக்கம். 2018-ல் ஆல்கீனின் இரண்டு கார்பன்களிலும் ஒரே வினையில் இரண்டு பென்சீன் வளையங்களை ஒட்டியபோது, டைமெத்தில் ஃபியூமரேட் என்ற சாதாரண ஒலிஃபீன்தான் ஈனியாகக் கைகொடுத்தது. கடைசிக் கட்டத்தில் நிக்கல் புதிய மூலக்கூறை விட்டு இறங்க அது உதவுகிறது.

ஒரு எச்சரிக்கை. காற்றைத் தாங்குவது பாட்டிலில் இருக்கும் திடப்பொருள் மட்டும்தான். கரைசலில் வினை தொடங்கியதும் நிக்கல் பழையபடி காற்றுக்குப் பயப்படும். டியூரோகுவினோன் சில வினைகளில் பிடியை விடாமல் அடமும் பிடிக்கும். ஆனாலும் தராசில் வெளியிலேயே நிறுத்து, குடுவையில் போட்டு, நைட்ரஜன் பலூன் மாட்டிச் சூடேற்றலாம். பலூன் திருவிழாக் கடையிலேயே கிடைக்கும்.