பத்துப் பேர் இல்லாத ஆலயம்

எங்கள் கோம்பையில் மேற்கே பார்த்தால் மலைதான். மலைக்கு அப்பால் என்னதான் இருக்கிறது என்று சிறு வயதிலிருந்தே எனக்கு ஆசை. கம்பம், குமுளி வழியாகப் பஸ் ஏறி, அத்தையோடு ஒரு நாள் கொச்சிக்கே போய்விட்டேன்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்திலேயே யூதர்களின் ஜெபாலயம். 1568-ல் கட்டியது, இடம் கொடுத்தவர் கொச்சி ராஜா. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அத்தைக்கு அதிலேயே பரம திருப்தி! தரையெல்லாம் சீன தேசத்து நீலச் சித்திர ஓடுகள். பெண்களுக்கு மேலே தனி மாடம்.

"நம்மளையும் இவங்க மதத்திலே சேரச் சொல்வாங்களோ, தாயி?" என்று கிசுகிசுத்தாள் அத்தை.

யூதர்கள் யாரையும் அழைப்பதில்லை. நோவாவின் ஏழு கட்டளைகளின்படி நடக்கும் பிற மதத்தாருக்கும் நற்கதி உண்டென்பது அவர்கள் கொள்கை. தானாக வருகிறவரையும் முதலில் திருப்பி அனுப்பிப் பார்ப்பது மரபு. சேர்ந்துவிட்டாலோ, அவர் முழு யூதர். பழைய பிறப்பைச் சொல்லிக் காட்டலாகாது.

ஏட்டில் அப்படி. இங்கே? அடிமைகளாயிருந்து, யூதராகி, விடுதலை பெற்றவர்களின் சந்ததியாரை முன்னறையோடு நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவரான வக்கீல் ஏ. பி. ஸேலம் (1882-1967) காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாக விலகின.

1948-ல் இஸ்ரேல் பிறந்தது. பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தத் தெருவில் இன்று அந்தப் பத்துப் பேர் இல்லை.

"அன்னிக்கு உட்கார இடம் கொடுக்கலே, இன்னிக்கு உட்கார ஆளில்லே" என்றாள் அத்தை.

குமுளி இறக்கம் வரும்வரை இருவரும் பேசவில்லை.