கொன்றவர் யார்?

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ எழுப்பிய இவ்வினா, 2022இலும் 2023இலும் அது திரைப்படமாக வந்தபின் எம் மண்டகப்பட்டு வாசகர் வட்டத்திலும் புகுந்தது. புகுந்ததா? அமளியே நடத்திற்று! நந்தினியே என்றார் ஒருவர். ரவிதாசன் கூட்டம் என்றார் மற்றொருவர். ஆசிரியர் திட்டவட்டமாகச் சொல்லாது விட்டது ஏமாற்று என்று சினந்தார் ஒருவர். அதுவே அழகு என்றார் அவர் தங்கை.

கதையளவில் எவர் எதைச் சொன்னாலும் கேடில்லை. ஆனால் கரிகாலன் கதைமாந்தன் மட்டுமல்லவே! காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனப் பெயர் சுட்டுகிறது. பின்னிருவரும் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்ற அதிகாரிகள். தூண்டியவன் உத்தம சோழனோ என ஐயுற்றார் நீலகண்ட சாத்திரியார். மறுத்தார் சதாசிவப் பண்டாரத்தார்.

பட்டத்தைக் கேட்டதும் துள்ளியெழுந்தார் நம் தோழர் ஒருவர். “பார்ப்பனர் கொன்றனர் என்று துண்டறிக்கை அச்சிடுவோம்!” என்றார். அவர்கள் பார்ப்பனர் என்பதை மறைக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மறைப்போரும் உளர், அவர் செயலும் பிழையே. ஆயினும் சிலர் செய்த கொலையைக் குலம் முழுவதன் தலையில் கட்டுவதா? பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் கணக்கை எதிர்த்தன்றோ நாம் கிளம்பினோம்! கொலைஞரின் உற்றார் உடைமைகளையும் விடாத ஆணை அது. பத்தாம் நூற்றாண்டு மன்னன் உறவுவரை சென்றான். பகுத்தறிவாளர் குலம்வரை செல்வதோ?

கல்லென்றால் கண்ணை மூடி நம்பவும் வேண்டா. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி ஆக்குவித்ததாகப் பெருமை கொள்கிறது நம்மூர்க் குடைவரையில் உள்ள மகேந்திரவர்மனின் வடமொழிக் கல்வெட்டு. உளி பிடித்தவன் பெயர்? அதில் இல்லை. கல்லும் மன்னன் வாயால்தான் பேசும். உடையார்குடிக் கல்லும் அப்படியே: கொன்றோர் பெயர் சொல்கிறது, ஏன் கொன்றனர் என்று சொல்லவில்லை. பாண்டியன் தலை கொண்டதற்குப் பழியா, அரியணைப் போட்டியா, அதிகாரிகளின் சொந்தப் பகையா? கல்கி அந்த இடைவெளியில் கதை நெய்தார். அது அவர் உரிமை. அதே இடைவெளியில் நாம் துண்டறிக்கை நெய்தல் ஆகாது.

அறிக்கை அச்சேறவில்லை. சினந்துபோன தோழர் இரு வாரமாக வட்டத்துக்கு வரவில்லை. உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தை அவருக்கெனப் படியெடுத்து வைத்துள்ளோம். நாளை அவர் வீட்டுக்கே கொண்டுசெல்வதாக எண்ணம்.