கல் பெறாதார்

அண்ணாமலையே! அழலாய் எழுந்து அடியும் முடியும் காட்டாது நின்ற ஓங்கலே! நின் அடிவாரத்தில் நின்று, ஆழியின் அடித்தரையில் கிடப்பாரை நினைந்து அழுகிறேன். நின்னை அறியார் அவர். நின் பெயரும் அறியார். ஆயினும் யாரிடம் சொல்லி அழுவேன்?

1971 டிசம்பர் 2, கார்த்திகைத் திங்களின் முழுநிலா நாள். மறுநாளே இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டது. அன்றை நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே காஸி என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கி வெடித்து மூழ்கியது. உள்ளிருந்தோர் 90-க்கும் மேற்பட்டோர். தலைவன் ஸஃபர் முகமது கான் உட்பட ஒருவரும் மீளவில்லை.

பகைவர்தாம். நம் கலத்தை மூழ்கடிக்க வந்தவர்தாம். அதை மறைத்து அழுதால் அழுகை பொய்யாகும். நவம்பர் 14-இல் கராச்சியை விட்டு, இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுள் நுழைந்தார்கள், விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி. நம் சென்னையில் நின்றிருந்த விக்ராந்தோ அதற்குள் அந்தமான் பக்கம் போய்விட்டது. ராஜ்புத் என்னும் முதிய போர்க்கப்பல் விக்ராந்தாக நடித்து வானொலிச் செய்திகள் அனுப்ப, அதை நம்பி வந்தார்கள்.

அந்தோ! இல்லாத இரைக்கோ இத்தனை கடல் கடந்தீர்! காற்றில்லை, கதிரில்லை, கரை காணச் சாளரமில்லை. ஒருவன் விட்ட மூச்சை ஒருவன் வாங்கி, பகலிது இரவிது என்று கடிகாரம் சொல்லக் கேட்டு, இரும்புக்குள் இருந்தீர். மேல்தளத்தில் நின்று மாள்பவனுக்குக் கடைசியாய் ஒரு வானமேனும் உண்டு. உமக்கு அதுவும் இல்லையே!

ராஜ்புத் வீசிய ஆழ்வெடிகளே கலத்தைப் பிளந்தன என்கிறது நம் நாடு. தாம் விதைத்த கண்ணிவெடியிலோ உள்வெடிப்பிலோ மாண்டனர் என்கிறது அவர் நாடு. மாண்டவர்க்கு இரண்டும் ஒன்றே. மிதந்தவற்றுள் ஓர் உயிர்காப்புச் சட்டையை மீனவர் எடுத்தனர். அதில் இருந்த பெயர் டயாப்லோ. 1944-இல் அமெரிக்கர் நீரில் இறக்கியபோது அந்தக் கலத்துக்கு இட்ட பெயர் அது. 1964-இல்தான் அது பாகிஸ்தானின் கைக்கு வந்து காஸி ஆனது. கடல் திருப்பித் தந்தது கலத்தின் பழம்பெயரை. உடுத்தியவன் பெயரைத் தரவில்லை.

ஆறாம் நாள் இழவு நம் வீட்டிலும் விழுந்தது. டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால், ஹாங்கோர் என்னும் மற்றொரு பாகிஸ்தான் நீர்மூழ்கி நம் போர்க்கப்பல் குக்ரியைத் தாக்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் மாண்டனர். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தப்ப மறுத்துக் கலத்தோடு ஆழ்ந்தார். டையூக் கரையில் கண்ணாடிக்குள் அக்கப்பலின் சிற்றுரு வைத்து வணங்குகிறோம். அது தகும். கராச்சியிலும் தாய்மார் இருந்தார்களே!

அண்ணாமலையே, நின் சுற்றுப்புறம் நடுகற்களின் நாடு. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் பல்லவ மகேந்திரன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி அதில் நிற்கிறான். அருகே அவன் நாய். கள்ளரைக் கடித்துக் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டு கடந்து அதன் பெயரைச் சொல்லி நாம் கூப்பிடலாம். நாய்க்கும் பெயர் வெட்டிய மண்ணில் பிறந்தவன், பெயரின்றி மனிதர் கிடப்பதை எங்ஙனம் பொறுப்பேன்?

2024-இல் நம் கடற்படையின் மீட்புக் கலம் காஸியின் உடலைக் கண்டது. கரையிலிருந்து இரண்டு இரண்டரை கிலோமீட்டர், ஏறத்தாழ 100 மீட்டர் ஆழம். கண்டவர்கள் அதைத் தொடவில்லை. மாண்ட மாலுமிகளுக்குச் செய்யும் மரியாதை என்று விட்டுவந்தார்கள். அந்தக் கைகளை நான் வணங்குகிறேன்.

அவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். விசாகப்பட்டினக் கடற்கரையில் 1971 வெற்றிச் சின்னம் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கல் நட்டு, காஸியில் மாண்ட ஒவ்வொருவர் பெயரையும் கராச்சியிலிருந்து கேட்டு வாங்கி, அதில் வெட்டட்டும்.