இரண்டு கண்ணுக்கும் ஒரே பெயர் வைத்தால்...



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மடிக்கணினியில் இருக்கும் கேமராவுக்குப் பெயர் வைப்பது பற்றியது. "சாருக்கு ரிட்டையர் ஆனதும் வேறு வேலை இல்லை போல" என்று தள்ளிவிடாமல் கடைசி வரை படியுங்கள். ஆன்லைன் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே வகுப்பில் மூன்று செல்வி, நான்கு மணிகண்டன் இருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் தலைப்பெழுத்துதான் காப்பாற்றும். தலைப்பெழுத்தும் ஒன்றாகிவிட்டால் குன்னம் செல்வி, வேப்பூர் செல்வி என்று ஊரை முன்னால் சேர்த்துக் கூப்பிடுவோம். நம் ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் இரண்டும் இருக்கின்றன. பேருந்துப் பலகையில் முதல் இரண்டு எழுத்தைப் படித்தாலே எந்தப் பழுவூர் என்று தெரிந்துவிடும். வேறுபாட்டைச் சொல்லும் பகுதி முன்னால் நிற்பதன் அருமை எனக்குச் சென்ற மாதம்தான் முழுசாகப் புரிந்தது.

என் பழைய மாணவர் ஒருவர் அரியலூரில் லாரி ஓட்டுகிறார். அவர் மகள் பொறியியல் முடித்தவள். சென்னை நிறுவனம் ஒன்றில் முதல் சுற்றில் தேறி, இரண்டாம் சுற்றுக்கு வீடியோவில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா கடன் வாங்கிப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். விற்றவர் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். பத்து மணிக்கு நேர்முகம். ஒன்பதே முக்காலுக்கு எனக்குப் போன் வருகிறது.

"தாத்தா, கேமரா கெட்டுப்போச்சு. முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி கறுப்பு வெள்ளையா வருது, விட்டுவிட்டு மினுக்குது. என்ன பண்றதுன்னே தெரியல."

நான் இருப்பது பெரம்பலூரில். கிளம்பிப் போய்ச் சேர நேரமில்லை. "அழாதம்மா. கேமராவைத் தேர்ந்தெடுக்கிற இடத்துல எத்தனை பேர் இருக்கு பாரு" என்றேன்.

"ரெண்டு இருக்கு தாத்தா. ஆனா ரெண்டும் ஒரே பேராத்தான் இருக்கு."

"கடைசி எழுத்து வரைக்கும் படி."

"இன்டெகிரேட்டட் கேமரா, இன்டெகிரேட்டட் சி. இன்னொண்ணு இன்டெகிரேட்டட் கேமரா, இன்டெகிரேட்டட் ஐ."

"சி-யைத் தொடும்மா."

அடுத்த நொடி, "வந்துருச்சு தாத்தா, கலர்ல வந்துருச்சு!" அப்போது மணி ஒன்பது ஐம்பத்தாறு.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மாணவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகப் பழகியது, விடவில்லை. மற்றதைப் பெங்களூரில் இருக்கும் மருமகன் விளக்கினார்.

விஷயம் இதுதான். இப்போது பல மடிக்கணினிகளில் திரைக்கு மேலே ஒன்றல்ல, இரண்டு கண்கள். ஒன்று நாம் பேசும்போது படம் எடுக்கும் வண்ணக் கேமரா. மற்றது அகச்சிவப்புக் கேமரா. முகத்தைக் காட்டிக் கணினியைத் திறக்க அது உதவும். தன் சிறு விளக்கால் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அடித்து, சாம்பல் நிறத்தில் படம் எடுக்கும். அந்தப் பெண் பார்த்தது அதைத்தான். கேமரா கெடவே இல்லை, தவறான கண் திறந்திருந்தது.

இரண்டு கண்ணும் ஒரே சிறு பலகையில் உட்கார்ந்திருப்பதால், தயாரிப்பாளர் வைத்த பொருள் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். எந்த நிறுவனத்தின் வெப்கேமையும் ஒரே இயக்கி மென்பொருளால் ஓட்டலாம் என்ற பொது விதி 2003இல் வந்தது. லினக்ஸில் அதற்கான இயக்கி 2008இல் சேர்ந்தது. அந்த இயக்கி வெகுநாள் பொருள் பெயரை மட்டுமே காட்டியது. அதனால் இரண்டு கண் இருந்தால் பட்டியலில் அச்சு அசலாக ஒரே பெயர் இரண்டு முறை வரும். விண்டோஸ் ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய தனிப்பெயரை எடுத்துக் காட்டும். பிறகு லினக்ஸ்காரர்களும் திருத்தினார்கள். பொருள் பெயரை முதலில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, அதன் பின்னால் தனிப்பெயரைச் சேர்த்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பெயருக்குக் கொடுத்திருக்கும் இடம் 32 பைட். முடிவுக்குறிக்கு ஒன்று போக, ஆங்கிலத்தில் 31 எழுத்துதான் நிற்கும்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இன்டெகிரேட்டட் 10 எழுத்து, இடைவெளி 1, கேமராவும் முக்காற்புள்ளியும் 7, இடைவெளி 1, மறுபடி இன்டெகிரேட்டட் 10, இடைவெளி 1. மொத்தம் 30. மிச்சம் ஒரே ஒரு எழுத்து! கேமரா என்பதன் சி, அகச்சிவப்பைக் குறிக்கும் ஐ. அந்த ஒற்றை எழுத்தில்தான் ஒரு பெண்ணின் நேர்முகம் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் எழுத்து நீளமாக இருந்திருந்தால் இரண்டும் மறுபடி ஒரே பெயராகியிருக்கும்.

பழுவூர் கிழக்கு, பழுவூர் மேற்கு என்று பெயர் வைத்து, பலகை சின்னதென்று இரண்டையும் பழுவூரோடு வெட்டினால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடந்தது.

"அப்படியானால் ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்துவிட்டால் போகிறது" என்று சிலர் நினைக்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். 2021இல் ஒரு மாற்றம் வந்தது. பெயர்கள் மோதக் கூடாது என்று, வீடியோ கேப்சர் என்ற பொதுப்பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். மோதல் தீர்ந்தது, ஆனால் எந்தக் கேமரா என்று மனிதருக்குத் தெரியவில்லை. வீடியோ கூட்டத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று மக்கள் திண்டாடுகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, அந்த மாற்றத்தை எழுதியவரே அதைத் திரும்பப் பெற்றார். அந்த மனசை நான் மதிக்கிறேன்.

எண் தனித்துவமானதுதான். டிஎன் 46 என்றால் பெரம்பலூர், 61 என்றால் அரியலூர். நமக்குத் தெரியும். சென்னையில் நின்று பார்ப்பவருக்கு அது வெறும் எண். நம் அரியலூரையே பாருங்கள். 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது, 2002இல் மறுபடி சேர்த்தார்கள், 2007இல் மீண்டும் பிரிந்தது. அந்த அலைச்சலிலும் யாரும் நம்மைப் பெரம்பலூர் ஒன்று, பெரம்பலூர் இரண்டு என்று கூப்பிடவில்லை. அரியலூர் அரியலூராகவே இருந்தது.

மென்பொருள் துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களில் பலர் தினமும் எதற்காவது பெயர் வைக்கிறீர்கள். கோப்புக்கு, பொத்தானுக்கு, கருவிக்கு. அந்தப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போவது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பதற்றத்தில், கால் மணி நேரம் மிச்சமிருக்கும்போது, சின்னத் திரையில் பார்ப்பவராக இருக்கலாம். வேறுபாட்டைச் சொல்லும் சொல்லை முன்னால் வையுங்கள். நம் தலைப்பெழுத்து மாதிரி.

நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. முந்தின நாளே கேமராவைத் திறந்து பாருங்கள். படம் சாம்பலாக வந்தால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பட்டியலில் அடுத்த பெயரைத் தொட்டுப் பாருங்கள். பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

அந்தப் பெண்ணை மூன்றாம் சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். அது முழுக்க அவள் படிப்பு, அவள் அப்பாவின் பாடு. உங்கள் கணினியில் எத்தனை கண், என்ன பெயர் என்று கீழே எழுதுங்கள். எழுத்தை நான் எண்ணிச் சொல்கிறேன்.