600 சதுர அடி மண்

சென்னை மடிப்பாக்கத்தில், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஒரு தெரு. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடாக மொத்தம் ஆறு. 2011இல் கட்டியது. மூன்றாம் மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. 1,050 சதுர அடி, சதுர அடிக்கு 7,500 ரூபாய், ஆக 78 லட்சத்து 75 ஆயிரம். அக்கா மகனுக்கு வீடு பிடித்துவிட்டது. விலை சரிதானா என்று பார்க்க என்னையும் கூட்டிப்போனான்.

புரோக்கர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் இறங்கினோம். எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. ஒரு தெருவின் கதையை இஸ்திரி போடுகிறவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்பது என் கட்சி. எல்லா வீட்டுப் படியும் ஏறி இறங்குகிறவர் அவர்தான். "மழைக்குத் தண்ணி நிக்குமாண்ணே?" என்றேன். "மிக்ஜாம் புயலுக்கு முட்டி வரைக்கும் சார். 2015ல அதுக்கும் மேல. ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்" என்றார். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கும்போது இது அதிசயமில்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு காலி மனை போன வருடம் சதுர அடி 8,000 என்று கைமாறியதையும் அவர்தான் சொன்னார். வந்த வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

ஸ்டில்ட்டுக்குள் நுழைந்தால் புது பெயின்ட். தண்ணீர் நின்ற கோடு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஈ.பி. மீட்டர் பெட்டிகள் என் தலைக்கு மேலே இருந்தன. அவற்றுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், பழைய பலகையைக் கழற்றிப் பூசிய சிமென்ட் தடம். மீட்டரைத் தூக்கி வைத்தது நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வருகிற மழைக்கு இவன் காரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவான் என்பதும் விலையில் சேர வேண்டிய சங்கதி.

புரோக்கர் வந்தார். "அடுத்த தெருவுல புது ஃப்ளாட் ஒன்பதாயிரம் போகுது சார். இது ஏழரைதான்" என்றபடியே கதவைத் திறந்தார். ஹாலில் நல்ல காற்று. கிழக்குப் பார்த்த பால்கனி. பையனின் முகம் மலர்வதைப் புரோக்கரும் பார்த்துவிட்டார்.

நான் டேப்பை எடுத்தேன். ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறைகள், பால்கனி என்று சுவருக்குச் சுவர் அளந்து கூட்டினால் 760 சதுர அடி வந்தது. மீதி 290 சதுர அடி எங்கே? சுவர், மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் நமக்குள்ள பங்கு என்றார் புரோக்கர். இருக்கட்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் வந்த பிறகு, புதுத் திட்டங்களில் வீட்டுக்குள் புழங்கும் பரப்பை, அதாவது கார்பெட் ஏரியாவைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். பழைய வீட்டை மறுவிற்பனை செய்கிறவர்கள் இன்னும் பொது இடப் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கிலேயே பேசுகிறார்கள். புழங்குகிற இடத்துக்கு வகுத்துப் பார்த்தால் சதுர அடி 10,300 ரூபாயைத் தாண்டுகிறது.

படுக்கையறைக் கூரையின் ஒரு மூலையில் மட்டும் வெள்ளை பளிச்சென்று இருந்தது. மொட்டை மாடிக்கு ஏறிப் போனோம். அந்த மூலைக்கு நேர் மேலே கூலிங் டைல்ஸ் வெடித்திருந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டிய இடுக்கில் செடி முளைத்திருந்தது. மேல்மாடி வீட்டை வாங்குகிறவர் மொட்டை மாடியின் நோயையும் சேர்த்தே வாங்குகிறார். பழுதுபார்க்கும் செலவை ஆறு வீடும் பகிர வேண்டும் என்பதுதான் நியாயம். ஒழுகாத வீட்டுக்காரர் பணம் எடுத்துக் கொடுப்பது வேறு விஷயம்.

இறங்கி வரும்போது இரண்டாம் மாடியில் ஒரு அம்மாவைப் பார்த்தோம். வாடகைக்கு இருக்கிறார்கள், மாதம் 20,000. வெயில் காலத்தில் போர் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீர் வாங்கி சம்ப்பில் விடுகிறார்கள். "அதுக்குத் தனியா பிரிப்பாங்க தம்பி, மெயின்டெனன்ஸ்ல வராது" என்றார். வருடம் 2,40,000 வாடகை வரும் வீட்டுக்கு 79 லட்சம் போட்டால் பணத்துக்குக் கிடைப்பது 3 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். குடியிருக்கத்தான் வாங்குகிறான் என்பதால் இந்தக் கணக்கை நான் அதிகம் இழுக்கவில்லை.

பத்திர நகலைக் கேட்டு வாங்கி, கார் பானட் மேல் வைத்துப் புரட்டினேன். எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு வரி: பிரிக்கப்படாத மனைப் பங்கு, எல்லோரும் யு.டி.எஸ். என்று சொல்வது. 600 சதுர அடி. ஆறு வீட்டுக்கும் 3,600, அதாவது ஒன்றரை கிரவுண்டு. மனைக் கணக்கு சரி. பிறகு இன்னொன்று உறைத்தது. ஆறு வீடும் 1,050 என்றால் கட்டடம் 6,300 சதுர அடி, மனையைப்போல 1.75 மடங்கு. 2011இல் இந்த மாதிரிக் கட்டடத்துக்குப் பொதுவாக அனுமதித்தது 1.5 மடங்கு, அதாவது 5,400. ஒன்று, வரைபடத்தை மீறிக் கட்டியிருக்க வேண்டும். அல்லது வீட்டுக்கு 900 சதுர அடி கட்டிவிட்டு 1,050 என்று எழுதியிருக்க வேண்டும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அனுமதித்த வரைபடத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். புரோக்கரிடம் கேட்டேன். ஓனரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

"அப்ப என்ன விலைதான் மாமா சரி?" என்றான் பையன்.

இந்த மாதிரிச் சின்ன அடுக்ககத்துக்கு என் கணக்கு எளிது. மண்ணுக்கு மண் விலை, கட்டடத்துக்குப் பழைய கட்டட விலை. 600 சதுர அடி மண் 8,000 வீதம் 48 லட்சம். இன்று இதே தரத்தில் கட்ட சதுர அடிக்கு 2,500 என்று வைத்தால், 900 சதுர அடிக்கு இருபத்திரண்டரை லட்சம். மதிப்பீட்டாளர்கள் கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள் போடுவது வழக்கம். அதில் கால்வாசி போய்விட்டது, எனவே மீதி 17 லட்சம். இரண்டும் சேர்ந்து 65. புரோக்கருடைய 1,050ஐயே ஒப்புக்கொண்டாலும் 68ஐத் தாண்டாது. பங்கு மண்ணைத் தனி மனைபோல நினைத்தபடி விற்கவோ கட்டவோ முடியாது, அதற்கு முழு விலை போடக் கூடாது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நான் அவ்வளவு கறாராகப் போகவில்லை.

புது ஃப்ளாட்டோடு ஒப்பிட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2019இல் வந்த கட்டட விதிகள் சாதாரண அடுக்ககத்துக்கு 1.5 மடங்கை 2 ஆக உயர்த்தின. அதனால் அடுத்த தெரு புது வீட்டில் இதே 1,050க்கு மண் பங்கு சுமார் 525தான் தேறும். பழைய வீட்டுக்கு இந்த ஒரு சாதகம் உண்மையிலேயே உண்டு. புரோக்கர் அதைச் சொல்லாமல் பால்கனியைக் காட்டிக்கொண்டிருந்தார். பதிவுச் செலவு இதற்கு நேர்மாறு. முதல் விற்பனையில் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2 என 7 சதவீதம். மறுவிற்பனைக்கு 7, 2 என 9 சதவீதம். 70 லட்சத்துக்கு 6,30,000 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

அன்று மாலை பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். அடமானம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பலரும் ஈ.சி. என்கிற இந்த வில்லங்கச் சான்றை எடுக்கிறார்கள். அதே கட்டடத்தில் மற்ற வீடுகள் என்ன தொகைக்குப் பதிவாயின என்பதும் அதில் வரும். முதல் மாடி வீடு ஒன்று இரண்டு வருடம் முன்பு 61 லட்சத்துக்குப் பதிவாகியிருந்தது. பத்திரத்தில் குறைத்துக் காட்டும் வழக்கம் உள்ள ஊர் இது, ஆகையால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனாலும் அதற்கும் 79க்கும் நடுவில் உள்ள தூரம் ரொம்ப அதிகம். தெருவின் வழிகாட்டி மதிப்பையும் பார்த்துக்கொண்டோம். அது தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் அடிமட்டம், சந்தை விலைக்கு அதைச் சாட்சியாக வைக்க முடியாது.

66இல் ஆரம்பித்து 70க்கு மேல் போகாதே என்றேன். 65க்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு லட்சமும் காற்றுக்கும் பால்கனிக்கும் உன் அலுவலகம் பக்கம் என்பதற்கும்தான். அது தப்பில்லை, தெரிந்து கொடுத்தால் போதும். பையன் 66 என்று சொல்லியனுப்பினான். மறுநாள் புரோக்கர் அழைத்தார்: ஓனர் 74க்கு இறங்கிவிட்டார், மொட்டை மாடி வேலையில் தன் பங்கையும் கொடுத்துவிடுவார், உடனே டோக்கன் அட்வான்ஸ் போட்டால் நல்லது. வரைபட நகலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் போடுவதில்லை என்று பையன் சொல்லிவிட்டான்.